கலத்துக்கும் ஒரு ஞாயிறு

யாழ்ப்பாணத்துக்கு இனிப் போகமாட்டேன் என்று அக்கா சொன்னது ஒரு சனிக்கிழமை. மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்தபின் அங்கே அவருக்குக் கதிர்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. வார நாட்களில் அங்கு தங்குவார். சனி ஞாயிறு எங்கள் தீவுக் கிராமமான பள்ளிமுனைக்கு வந்துவிடுவார். தோல் கருகி, சட்டை பட்டாலே எரிந்தது. சுகப்படுத்துகிறோம் என்று சொல்லித் தன்னைச் சுடுகிறார்கள் என்பது அவருடைய வாதம்.

பாதியில் விட்டால் மிஞ்சிய நோய் திரும்ப முளைக்கலாம் என்று டொக்டர் எச்சரித்திருந்தார். அத்தான் கெஞ்சிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். என் வாய்க்கு ஒரு வகுப்பே அடங்கும். அக்கா மட்டும் அடங்கமாட்டார்.

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பாடத்தைத் தொடங்கினேன். கதிர் பட்டால் உடம்பின் கலத்துக்குள் டிஎன்ஏ இழை உடையும். உடனே பி53 என்ற காவல் புரதம் எழும்பும். அது இன்னொரு புரதத்தை எழுப்ப, அந்தப் புரதம் கலத்தைப் பிரியச் சொல்லி முடுக்கும் நொதிகளைப் பிடித்துக்கொள்ளும். கலவட்டம் நிற்கும், உடைவு திருத்தப்படும். திருத்த முடியாவிட்டால் கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அப்படி நிற்கும் இடத்துக்கு வகுப்பில் நான் சொல்லும் பெயர் சோதனைச் சாவடி. அதையே அங்கேயும் சொல்லித் தொலைத்தேன்.

அக்காவின் முகம் இறுகியது.

"அப்ப எனக்குள்ளையும் சென்றி போட்டிருக்கோ?"

போர்க்காலத்தில் தீவுக்கு வரும் பாலத்தடியில், இராணுவச் சென்றியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் திறந்து காட்டி, காரணம் தெரியாமல் வெயிலில் நின்றவர்கள் நாங்கள். மறிக்கிறவன் காப்பாற்றுகிறான் என்று சொன்னால் யார்தான் நம்புவார்? என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும் போலிருந்தது.

வெளியே வள்ளங்களைக் கரையேற்றும் சத்தம் கேட்டது. எங்கள் கரையில் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்தபின் ஆறுதலாக இருந்து வலையில் கிழிசல் பார்ப்பார்கள். ஞாயிறு வள்ளம் தள்ளுகிறவனை அக்கா வாசலில் நின்றே கிழித்துவிடுவார்.

"சென்றி இல்லை அக்கா, ஞாயிற்றுக்கிழமை," என்றேன். "அடிபட்டா நல்ல கலம் வள்ளத்தைக் கரையில ஏத்திப்போட்டுக் கிழிசல் தைக்கும். கூடாத புற்றுக் கலங்களில கனபங்கு ஞாயிறை மறந்ததுகள். கிழிஞ்ச வலையோட ஓடி ஓடி அழிஞ்சுபோகும். நல்லதுக்குத் தைக்க நேரம் விட்டுத்தான் கொஞ்சம் கொஞ்சமாக் கதிர் குடுக்கினம்."

எரிந்த தோலும் ஆறுமா என்று அக்கா கேட்டார். எல்லாம் முடிந்தபின் மெல்ல மெல்ல ஆறும் என்றேன்.

"திங்கக்கிழமை முதலாவது பஸ் எத்தினை மணிக்கு?"

என்னிடம் படித்து டொக்டரானவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் படம் பேப்பரில் வரும்போது தலைகால் புரியாமல் திரிந்திருக்கிறேன். அதெல்லாம் சேர்ந்தும் தராத பெருமையை அந்த ஒரு கேள்வி தந்தது.

சிகிச்சையின் கடைசி வாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரி வாங்கில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, பெரியமடுவிலிருந்து வந்த ஒரு பெண், இனிக் கதிர் வேண்டாம் என்று அழுதபடி வீட்டுக்குப் போகப் பையைத் தூக்கினார். அக்கா அந்தப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இருங்கோ, நான் விளங்கப்படுத்துறன். இவ என்ர தங்கச்சி, படிப்பிக்கிறவ. நான் பிழையாச் சொன்னாத் திருத்துவா."

பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டேன். திருத்த எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.