காரைவிட்டு இறங்கியவர்

சாந்தாமணியால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாதத்தை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடுவாள், அங்கிருந்து போனுக்கு ஓடுவாள். கோபிசெட்டிபாளையத்திலிருந்து எங்கள் அபார்ட்மென்டில் அடுத்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் அப்படி இல்லை. எல்லாம் 1998 மார்ச்சுக்குப் பிறகுதான். அமெரிக்காவில் ஃப்ரீமான்ட்டுக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. பெயர் வேண்டாம், சொன்னால் இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரும்.

அந்த மார்ச்சில் ஒரு ஞாயிறு மத்தியானம், ஸ்டாப் போர்டில் சரியாக நிற்கவில்லை என்று ஒரு போலீஸ் கார், சாந்தாமணி கணவரோடு போன காருக்குப் பின்னால் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்தது. அவள் கணவர் நஞ்சுண்டன் ஓரங்கட்டினார். பேப்பர்களை எடுத்துக்கொண்டு இறங்கி, போலீஸ்காரரை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். நம் ஊரில் போலீஸ் நிறுத்தினால் இறங்கிப் போய் நிற்பதுதான் மரியாதை, உட்கார்ந்திருந்தால் திமிர். இங்கே இறங்கினால் அது மிரட்டல். அவரைத் தரையில் கவிழ்த்துக் கையை முறுக்கியதில் வலது தோள் பெயர்ந்துவிட்டது. கேஸ் எதுவும் போடவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு வரி நின்றது: ‘ஓட்டுநர் தாக்க வந்தார்.’

புகார் கொடுத்தார்கள். போலீஸ் துறை தன்னைத்தானே விசாரித்து, தன்மேல் தப்பில்லை என்று அழகான கடிதம் ஒன்று அனுப்பியது.

“உடு சாந்தா. க்ரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்குது,” என்றார் நஞ்சுண்டன்.

“தாக்க வந்தீங்கன்னு எழுதி வெச்சிருக்கறாங்களே, அதையும் உட்றதா?”

போலீஸ்மேல் வரும் புகார்களைப் பொதுமக்கள் குழு ஒன்று விசாரிக்க வேண்டும் என்று அப்போது ஊரில் சிலர் நகர சபையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாந்தாமணி அவர்களிடம் போய் ஒரு கத்தைக் கையெழுத்துப் படிவம் வாங்கி வந்தாள். அவளுக்கு டிரைவிங் தெரியாது. மௌரி அவென்யூ மளிகைக்கடை, கோயில், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்து என்று ஓட்டிக்கொண்டு போனது நான்தான். எல்லாருக்கும் க்ரீன் கார்டு பயம். கோயிலில் எல்லாருக்கும் மூத்தவரான கஸ்தூரிரங்கன் அங்கிள் படிவத்தை முழுக்கப் படித்து, இரண்டு கமாவைத் திருத்தி, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நானும்தான் போடவில்லை. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அக்டோபரில், அந்தக் குழு வேண்டுமா என்று சபையில் ஓட்டெடுப்பு. பேச விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம்.

“வான்மதிக்கா, நான் தமிழ்ல சொல்றேன், நீங்க இங்கிலீஷ்ல சொல்லுங்க. உங்க பேரைச் சொல்ல வேண்டாம்,” என்றாள். நஞ்சுண்டன் வர மறுத்துவிட்டார்.

மைக் முன்னால் நின்று அவள் நடந்ததைச் சொன்னாள், நான் மொழிபெயர்த்தேன். நரைத்த தலையுள்ள உறுப்பினர் அம்மா ஒருவர் மெதுவாகத்தான் கேட்டார்: “அவர் ஏன் காரைவிட்டு இறங்கினார்?”

ஏழு மாதமாக எல்லாரும் கேட்ட கேள்வி. ‘பழக்கதோஷம்’ என்றுதான் நஞ்சுண்டன் எல்லாருக்கும் சொல்லிவந்தார். சாந்தாமணி மேஜை விளிம்பை இறுகப் பிடித்தாள்.

“நாந்தானுங்க எறங்கச் சொன்னேன். ‘ஏனுங்க, இப்படி உக்காந்துட்டே இருந்தா மரியாதையா இருக்காது, எறங்கிப் போய்ப் பேசுங்க’ன்னு வெரட்டுனதே நாந்தானுங்க. அவரு தாக்கப் போவலீங்க. எம்பேச்சைக் கேட்டுத்தான் போனாரு.”

இந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டுதான் இத்தனை நாள் ஓடினாளா? நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: “அவ சொல்லலீங்க! நானாத்தான் எறங்குனேன்!”

கதவோரம் நஞ்சுண்டன், ஒரு தோள் தாழ்ந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியவில்லை.

“அவர் என்ன சொல்கிறார்?” என்று சபைத் தலைவர் என்னைக் கேட்டார். இரண்டு பேர் சொன்னதையும் சொன்னேன். பிறகு யாரும் கேட்காமலே, “என் பெயர் வான்மதி. அவள் சொல்வதுதான் உண்மை, இவர் மனைவியைக் காப்பாற்றப் பார்க்கிறார்,” என்றும் சொன்னேன். நஞ்சுண்டனின் கண் சாந்தாமணியைவிட்டு நகராததே எனக்கு அதைச் சொல்லிவிட்டது.

நாலுக்கு மூன்று ஓட்டில் குழு அமைந்தது. ஆள் போட்டு, விதி எழுதி, சாந்தாமணியின் புகாரை எடுத்து விசாரித்து முடிப்பதற்குள் 2000ஆம் ஆண்டு பிறந்துவிட்டது. அதுவரை சாந்தாமணி தபால்பெட்டிக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

முடிவு வந்த அன்று கடிதத்தை என்னைத்தான் படிக்கச் சொன்னார்கள். ‘ஓட்டுநர் தாக்க வந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை.’ சாந்தாமணி தேம்பி அழுதாள். அடுத்த வரி: ‘மனைவி சொன்னதால் மரியாதைக்காக இறங்கினார்.’ அவள் அழுகை நின்றது, தலை குனிந்தது.

நஞ்சுண்டன் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினார். பேனாவை எடுத்து, ‘மனைவி சொன்னதால்’ என்பதை மட்டும் அழுத்தி அடித்தார்.

“அவங்ககிட்ட இருக்கறது அப்படியே இருந்துட்டுப் போவட்டும் சாந்தா,” என்றார். “இது நம்மகிட்ட இருக்கறது.”