அத்தை ஊருக்குப் போயிருந்த நாள்

கொல்லிமலையில் எங்கள் ஓட்டலின் பின்சுவரில் மழைக்காலத்தில் குதிரை வாடை அடிக்கும். மலைக்கு ரோடு வருவதற்கு முன்பு, மிளகுப் பொதி சுமந்த குதிரைகளும் அவற்றை ஓட்டி வந்தவர்களும் தங்கிப் போவதற்காக என் பாட்டனார் கட்டிய சாவடி அது. பஸ் வந்த பிறகு பெரியப்பா லாயத்தைத் தடுத்து அறைகளாக்கி ஓட்டல் நடத்தினார். ஊர்க்காரர்களுக்கு அது கடைசிவரை "குதிரைச் சாவடி"தான்.

அடுப்படி பாவாயி அத்தையின் பொறுப்பு. பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் மூத்தவர். சின்ன வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர், அன்றிலிருந்து அந்தப் புகையில்தான் இருந்தார். அவர் வைக்கும் மிளகு ரசத்துக்காகவே சேலத்திலிருந்து ஒரு குடும்பம் வருஷம் தவறாமல் வரும்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஆடிப்பெருக்கன்று காலையில், அறைகளெல்லாம் நிரம்பியிருந்தபோது, அத்தை மாவுச் சட்டியின் பக்கத்தில் சரிந்து விழுந்து இறந்துபோனார். அம்மா வாய்விட்டு அழுவதற்குள் பெரியப்பா வந்து அடுப்படிக் கதவைச் சாத்தினார்.

"வந்தவங்க சாப்பிட்டுக் கெளம்பட்டும். அதுவரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது."

பெரியப்பாவும் அப்பாவுமாக அத்தையை விறகறைக்குத் தூக்கிப் போய், அறைகளுக்குக் கொடுக்கும் போர்வை ஒன்றால் மூடினார்கள். அம்மா அந்த மாவிலேயே தோசை வார்த்தாள். நான் இலை போட்டேன்.

"ஏனுங்க, அக்காவைக் காணமே?" என்று கேட்டார் சேலத்து அம்மா.

"ஊருக்குப் போயிருக்குதுங்க," என்று சிரித்தார் பெரியப்பா. அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சட்னி வைக்கும்படி அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வந்து வைத்தாள். அவள் கை நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மத்தியானம் கடைசி வேனும் போன பிறகு பெரியப்பா விறகறையைத் திறந்துவிட்டு, இனி அழலாம் என்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். அம்மா மட்டும் அத்தையின் காலடியில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அழுகை வரமாட்டீங்குது கண்ணு," என்றாள்.

இன்று அங்கே லாயமும் இல்லை, அடுப்படியும் இல்லை. பெரியப்பாவின் மகன் எல்லாவற்றையும் இடித்துவிட்டு லாட்ஜ் கட்டியிருக்கிறான்; வாசலூர்பட்டி ஏரியில் படகுச் சவாரிக்கு வருகிறவர்கள் தங்குகிறார்கள். நாங்கள் அடிவாரத்துக்குக் குடிவந்து வெகுகாலமாகிறது. போன வருஷம் அப்பா இறந்தபோதும் அம்மா அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று உறவுக்காரப் பெண்கள் பேசியது அவள் காதில் விழுந்தது. எழுந்து, வந்தவர்களுக்குக் காபி போட உள்ளே போனாள்.