எதுவும் வளராத ரிப்போர்ட்

குழந்தைகள் வார்டு டாக்டரின் ஸ்கூட்டர் கேட்டுக்குள் நுழைந்தால் போதும், காய்ச்சல்களெல்லாம் கட்டிலைவிட்டு இறங்கிப் பின்வாசல் வழியாக ஓடிவிடும். சரி, ஓடாது, கொஞ்சம் கூட்டித்தான் சொன்னது. ஆனால் தாய்மார்கள் அப்படித்தான் நம்பினார்கள்.

அவருக்கு 'உடனடி' என்று பட்டப்பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருந்து ஒரு பச்சைக் குழந்தையைப் பறிகொடுத்தவர். அன்றோடு காத்திருக்கிற பேச்சே கிடையாது. சளியோ வாந்தியோ, குழந்தையைக் கட்டிலில் கிடத்துமுன் அலமாரி மேல்தட்டிலிருந்து, கிருமியைக் கொல்வதில் இருப்பதிலேயே பெரிய மருந்து இறங்கி நரம்பில் ஏறிவிடும். ரத்தம் எடுப்பது அப்புறம்தான்.

மருந்து கலந்த ரத்தத்தில் கிருமி எங்கே வளரும்? ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் லேபிலிருந்து 'எதுவும் வளரவில்லை' என்றே ரிப்போர்ட் வரும். டாக்டர் பூரித்துப்போவார்.

"பாத்தீங்களா சிஸ்டர், வாலைச் சுருட்டிக்கிச்சு."

"வால் இருந்துச்சான்னே தெரியலையே சார்," என்பார் ஹெட் நர்ஸ், சிரிஞ்சில் அடுத்த மருந்தை உறிஞ்சிக்கொண்டே. வார்டு சிரிக்கும்; வழக்கம் மாறாது. சில குழந்தைகள் போகத்தான் செய்தன. முற்றவிட்டுக் கொண்டுவந்தார்கள் என்று அதற்கொரு காரணம் கிடைத்துவிடும்.

தையல்கடைக்காரம்மாவின் ஒரே மகள், குண்டுமணி என்று வார்டே கூப்பிடும் பொடிசு, வெறும் சளிக்கு இரண்டு முறை வந்து பெரிய மருந்து ஏற்றிக்கொண்டு போனவள். அடுத்த முறை வந்தபோது ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே குழிந்தது. அன்றைக்குப் பார்த்து மேல்தட்டு காலி. ஸ்டோரிலிருந்து மருந்து வருவதற்குள் சும்மா நிற்க முடியாமல் ரத்தத்தை எடுத்து அனுப்பினார்கள்.

மருந்து வந்தது, ஏறியது, காய்ச்சல் அசையவில்லை. டாக்டர் அளவைக் கூட்டினார், இன்னொன்றைச் சேர்த்தார், வீட்டுக்கே போகாமல் கட்டிலடியில் பழியாய்க் கிடந்தார். பிறகு லேபிலிருந்து போன் வந்தது. கிருமி வளர்ந்திருந்தது. பெரிய மருந்துக்கும் மசியாத கிருமி. எளியதையெல்லாம் கொன்றுபோட்டு, தனக்கு அடங்காததற்கு மருந்தே இடம் காலிசெய்து கொடுத்திருந்தது.

"இதைவிடப் பெருசா ஒண்ணு இருக்கும்ல சார்? எங்கயாச்சும்?" என்று கேட்டாள் அம்மா.

"இதுதாம்மா பெருசு. இதைத்தான் சளிக்குக் குடுத்துட்டேன்."

புரிந்தவள் போல அவள் தலையாட்டினாள். மதியச் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வந்த நேரத்தில் குண்டுமணியின் மூச்சு நின்றது. வீட்டுக்குப் போகும்போது போட அம்மா தைத்த சட்டை தலையணைக்கு அடியில் இருந்தது. சட்டைக் கைக்கு இன்னும் பொத்தான் வைக்கவில்லை.

அதன்பின் முதலில் ரத்தம், பிறகுதான் மருந்து என்றார் டாக்டர். வெறும் சளி என்றால் அந்த மருந்தைத் தொடவே மாட்டார். கைராசி போய்விட்டது, கஞ்சன் என்று தாய்மார்கள் ஏசினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு டாக்டரிடம் போனார்கள்.

இத்தனை வருஷத்தில் அவருடைய அவசரத்துக்குப் பலியானது அந்த ஒரு குழந்தைதான் என்று இந்தக் கதையை நான் எழுதி முடித்து, அவருக்கே உரக்க வாசித்தும் ஆயிற்று. எதிர் நாற்காலியில் கேட்டுக்கொண்டிருந்த டாக்டர், இப்போது ரிட்டயரானவர், கையை உயர்த்தினார்.

"ஒண்ணுன்னு எழுதாதக்கா. அவசரப்பட்ட நாள்ல ரத்தத்தை முதல்ல எடுத்தது அந்த ஒண்ணுக்குத்தான். மத்ததெல்லாம் எதுல போச்சுன்னு எனக்கே தெரியாது."