நீல ரோச்

போன கிழமை பியர்பொன்ட்ஸில் எங்கள் தெருவுக்கே கரண்ட் போய்விட்டது. மகள் பக்கத்து வீட்டில் ஒரு ரோச் இரவல் வாங்கி வந்தாள். பொத்தானை அழுத்தினால் நீல வெளிச்சம். உடனே நூர்த்துவிட்டு இருட்டிலேயே மெழுகுதிரி தேடப் போனேன். ஏனென்று கேட்டாள். சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், புவாண்ட்-கிளேரில் ஒரு வேட்டைச் சாமான் கடையில் வேலை செய்தேன். ரப்பர் சப்பாத்தும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த அந்தக் கடை மணம் வீடு வரைக்கும் கூடவே வரும். காட்டுப்பக்கம் போனதேயில்லை. எனக்குத் தெரிந்த ஒரே மான் இந்த நாட்டு இருபத்தைந்து சதக் காசில் இருப்பதுதான். அதுவும் மான் இல்லை, வேறு மிருகம் என்று கூட வேலைசெய்த சொலாஞ் சிரித்தாள். அவள்தான் கடையில் உண்மையாகவே வேட்டைக்குப் போகிறவள்.

ஒரு ஐப்பசி மாதம் சவிரி அண்ணை வந்தார். மன்னார்க்காரர். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டில் தள்ளுகிற வேலை. கூட வேலைசெய்கிறவர்கள் அவரை முதல்முறையாக வேட்டைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"தம்பி தமிழோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப நல்லதாப் போச்சு. இவை வேகமாப் பிரெஞ்சு கதைச்சா எனக்கு விளங்காது. மான் வெடிபட்டு ஓடினா, பொழுதுபட்ட பிறகு ரத்தத்தைப் பாத்துத் தேடிப் போக எந்த லைற் நல்லம்?"

சொலாஞ் அந்தப் பக்கம் சப்பாத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் தமிழன் என்று என்னை நம்பி நிற்கிறவரிடம் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நீல ரோச்சின் பெட்டியில் ரத்தத்துளி மின்னுகிற படம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

அவர் ஒரு வெள்ளை லைற்றைத் தூக்கிப் பார்த்தார். "இது நல்ல வெளிச்சமாக் கிடக்கு. சரிவராதோ?"

"அது வீட்டுக்குத்தான் அண்ணை. இதில ரத்தம் பளிச்செண்டு தெரியும். நானே பாத்திருக்கிறன்."

அந்தக் கடைசி வசனத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு ரோச்சோடு வந்தார். மாற்றித் தரச் சொல்லி வரவில்லை. எப்படிப் பிடிக்க வேண்டுமென்று கேட்க வந்திருந்தார். பொழுதுபடுகிற நேரம் சுட்டாராம். மான் ஓடிவிட்டது. நீல வெளிச்சத்தில் ஈர இலை, கல், ரத்தம் எல்லாம் ஒரே கறுப்பு. முழங்காலில் ஊர்ந்து தேடியும் கிடைக்கவில்லை. விடிந்து பார்த்தால், முதல்நாள் தான் தேடி நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் செத்துக் கிடந்ததாம்.

"உதைச்சு உதைச்சு, காலடியில இலையெல்லாம் ஒதுங்கிப் போய்க் கிடந்தது தம்பி. கனநேரம் உயிரோட இருந்திருக்கு."

நான் சொன்னது இதுதான்: "பற்றரி இறங்கியிருக்கும் அண்ணை."

ரோச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓம். அதை நான் பாக்கேல்லை. என்ர பிழைதான்."

அவர் போனபின் என்ன கதை என்று சொலாஞ் கேட்டாள். சொன்னேன். நீலத்தில் ரத்தம் கறுத்துப்போகும், நல்ல வெள்ளை லைற்றை நிலத்தோடு சரித்துப் பிடிக்க வேண்டும் என்றாள். "என்னைக் கேட்டிருக்கலாமே" என்றாள். கண்ணாடிக்கு வெளியே அவர் பஸ்ஸுக்கு நின்றது தெரிந்தது. பஸ் வர நேரமெடுத்தது. நான் போகவில்லை.

கடை பூட்டி வருடக்கணக்காகிறது. அந்த இடத்தில் இப்போது குளியலறை ஓடு விற்கிறார்கள். சொலாஞ் எங்கே இருக்கிறாளோ தெரியாது. சவிரி அண்ணை இந்த மாசியில் காலமானார். தேவாலயத்தில் பூசை முடிந்து துக்கம் சொல்லப் போனபோது, நான் யாரென்று கேட்டறிந்த அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டா.

"அந்தக் கடைத் தம்பியோ? தம்பி நல்ல லைற்றைத் தந்தும் நான் பற்றரியைப் பாக்காமக் கவலையீனமா விட்டிட்டன் எண்டு கடைசி மட்டும் சொன்னவர். அதுக்குப் பிறகு அவர் வேட்டைத் துவக்கைத் தொட்டதே இல்லை."

அவவிடமாவது சொல்லியிருக்கலாம். எனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அதைச் சாட்டாக வைத்து, "ஓம் அக்கா" என்றுவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன்.