தானாக மேலே ஏறிய கடிகாரம்

கடிகாரக் கடையில் வேலை பார்ப்பவனிடம் எல்லோரும் மணியைத்தான் கேட்பார்கள். என்னிடம் ஒருவர் உயரம் கேட்டார். தனக்கே சரியாகத் தெரியாத ஒரு பொருளைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று "நல்ல பொருள்தாங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வரும் மலைச் சம்பவத்தை நான் பார்க்கவில்லை. ஓடியவர் சொல்லிக் கேட்டது. மற்றதெல்லாம் காரைக்காலில், நான் பி.எஸ்சி. முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில், என் கண் முன்னால் நடந்தது.

கேட்டவர்

செல்வம் சார், கோட்டுச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். முப்பது வயதுக்குள் இருக்கும். சொந்த ஊர் கிளிஞ்சல்மேடு. அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். மேற்கே ஒரு மலையில், காட்டுப்பாதையில், விடியலில் கிளம்பி இருட்டுவதற்குள் முடிக்க வேண்டிய ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தார். நடத்துகிறவர்கள் ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். பாதை பிரிகிற இடங்களுக்கு அதில் பெயர் இல்லை, உயரம்தான் இருந்தது. இத்தனை மீட்டரில் வலது பக்கம், இத்தனை மீட்டரில் இடது பக்கம். "மூடுபனி எறங்கிட்டா கைல இருக்கற வாட்ச்சுதான் வழி. தப்பா காட்டுச்சுன்னா காட்டுல கேக்க ஆள் கிடையாது தம்பி. நீங்க படிச்சவரு, பாத்துச் சொல்லுங்க" என்றார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். "படிச்சவரு" என்று யாராவது சொன்னாலே நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

கடலோரத்து ஆளுக்கு மலை எதற்கு சார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சுனாமி வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. அவர் கோபப்படவில்லை. "எனக்கு ஓடத் தெரியும் தம்பி. அன்னைக்கும் ஓடுனேன். ஏறத்தான் எங்கயும் இடம் இல்ல."

ஈயக் குண்டு

பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம் என்ற பேச்சில் முதலாளி சென்னையிலிருந்து இரண்டு கடிகாரங்கள் வரவழைத்தார். ஒன்று செயற்கைக்கோள்களைப் பிடித்து உயரம் சொல்வது. தீப்பெட்டியை மணிக்கட்டில் கட்டிய மாதிரி இருந்தது. இன்னொன்று காற்றின் அழுத்தத்தை வைத்துச் சொல்வது. மேலே போகப் போக அழுத்தம் குறையும். அதை அளந்து மீட்டராக்கிக் காட்டும். பெட்டியைத் திறந்ததும் அது மைனஸ் பன்னிரண்டு மீட்டர் என்றது. ரிப்பேர் மேசையிலிருந்து ஜபார் பாய் எட்டிப் பார்த்து, நாம் கடலுக்கு அடியிலா கடை வைத்திருக்கிறோம் என்று கேட்டார். இருக்கும் இடத்தின் உயரத்தை நாம்தான் முதலில் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதைப் பெட்டியில் இருந்த விளக்கப் புத்தகத்தைப் படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

காரைக்காலில் உயரத்தைச் சோதிக்க எங்கே போவது? கலங்கரை விளக்கத்துக்குப் போனோம். படிக்கட்டுக்குள் நுழைந்ததுமே செயற்கைக்கோள் கடிகாரம் வானத்தைத் தொலைத்துவிட்டது. "மரத்தடியிலயும் இப்படித்தான் முழிக்கும்" என்று செல்வம் சார் அதைக் கழற்றிப் பையில் போட்டார். மற்றது ஒவ்வொரு திருப்பத்துக்கும் எண்ணிக்கொண்டே வந்தது. உச்சியில் அவர் நைலான் கயிற்றில் கட்டிய ஈயக் குண்டை வெளியே எடுத்தார். படகிலிருந்து ஆழம் பார்ப்பது. அதைத் தரைவரை இறக்கி, இரண்டு கையையும் விரித்து விரித்து, "ஒரு பாகம், ரெண்டு பாகம்" என்று எண்ணி மேலே இழுத்தார். பாகத்தை மீட்டராக்கிக் கணக்குப் போட்டேன். கடிகாரத்துக்கும் கயிற்றுக்கும் ஒரு மீட்டர்தான் வித்தியாசம். நாலு படி ஏறினால் காற்று எவ்வளவு குறைகிறது என்று இந்தப் பொத்தான் அளவுப் பொருளுக்குத் தெரிகிறதே என்று எனக்குப் புல்லரித்தது. கூட நின்ற காவலருக்கு ஆச்சரியம் வேறு. "கடலுக்குப் போடுற குண்டை வானத்துலேருந்து போடுற ஆளை இன்னைக்குத்தான்யா பாக்குறேன்."

அசையாமல் ஏறியது

சனிக்கிழமை காலை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். புதன்கிழமை பத்து மணிக்கு அதைச் சைபரில் வைத்துக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பார்த்தால் இருபத்தெட்டு மீட்டர்! யாரும் தொடவில்லை. கடை பூட்டும் நேரத்தில் கிட்டத்தட்டச் சைபருக்கே இறங்கியிருந்தது. வியாழக்கிழமை ஃபேன் காற்று படாமல் இழுப்பறைக்குள் வைத்தேன். மறுபடியும் ஏறியது. வெள்ளிக்கிழமை மணிக்கு ஒரு தடவை ஒரு அட்டையில் குறித்துக்கொண்டே வந்தேன். மூன்று நாளும் ஒரே மாதிரி.

காட்டில் இருபத்தெட்டு மீட்டர் தப்பு என்றால் வேறு பாதை. என்னை நம்பி ஒருவர் அந்தப் பாதையில் போவார். ஜபார் பாய் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் அப்படிச் சொன்னார். "காலைல தானே தம்பி வர்றாரு? காலைல அது சரியாத்தானே இருக்கும்."

அட்டை

சனிக்கிழமை செல்வம் சார் வந்ததும் கடிகாரத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அட்டையை நீட்டினேன். "இது பழுதுன்னு நெனைக்கிறேன் சார், வேண்டாம்" என்று மெல்லச் சொன்னேன். உள்ளே முதலாளி இருந்தார். செல்வம் சார் அட்டையில் விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தார். "மூணு நாளும் அதே நேரத்துக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப பழுது இல்ல தம்பி. பழுதான பொருளு நேரம் பாத்தா தப்பு பண்ணும்? இது ஏத்தவத்தம், கடத்தண்ணி ஏறி வத்துற மாதிரி. காத்துக்கும் இருக்கும்போல."

நான் இயற்பியல் பட்டதாரி. பரீட்சையில் பாரமானிக்குப் படம் வரைந்து பாகம் குறித்தவன். ஆனால் தலைக்கு மேல் இருக்கிற காற்று கடல் மாதிரி ஏறி வற்றும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வாசலுக்குப் போய் வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். அவர் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார். காலை பத்து மணிக்கு உயரத்தைச் சரியாக வைத்துக்கொண்டால், அப்புறம் எந்த மணிக்கு எத்தனை மீட்டர் கழிக்க வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மழை, புயல் வந்தால் இந்தத் தாள் செல்லாது என்றும் அடியில் எழுதினேன். அதை மடித்துக்கொண்டே சொன்னார்: "கடல்ல ஏத்தவத்தம் தெனம் முக்கா மணி தள்ளிப்போவும். இது தள்ளவே மாட்டேங்குது பாருங்க. கடலைவிட ஒழுங்கான ஆளு."

மூன்றாவது பிரிவு

இனி வருவது அவர் சொன்னது. காலை பத்து மணிக்கு, உயரம் எழுதிய பலகை இருந்த ஓர் இடத்தில் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டாராம். மூன்றரை மணிக்கு மூடுபனி. முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. பாதை இரண்டாகப் பிரிந்தது. தாளில் மூன்றாவது பிரிவுக்கு, 1,940 மீட்டரில் வலது பக்கம் திரும்பு என்று இருந்தது. கடிகாரம் 1,966 என்றது. இதே மாதிரிக் கடிகாரம் கட்டியிருந்த இன்னும் இரண்டு பேர், நாம் தாண்டி வந்துவிட்டோம், அந்தப் பிரிவு கீழேதான் இருக்கிறது என்று இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். செல்வம் சார் என் துண்டுத் தாளைப் பிரித்தார். மூன்றரை மணிக்கு இருபத்தாறு கழிக்கவும். "நில்லுங்க, இதுதான் எடம்" என்று கூப்பிட்டு, மூன்று பேருமாக வலது பக்கம் திரும்பினார்கள். கொஞ்ச தூரத்தில், மரத்தில் கட்டியிருந்த அடையாளத் துணி தெரிந்தது. இருட்டுவதற்குள் மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை கடைக்கு வந்து இதைச் சொன்னார். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "முடிச்ச எடத்துல அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரு கேக்குறாரு தம்பி, உங்களுக்கு எந்த மலைங்கன்னு. கிளிஞ்சல்மேடுன்னேன்."

அடுத்த விடுமுறையில் கல்லூரி நூலகத்துக்குப் போய் வானிலை பற்றிய புத்தகத்தைத் தேடி எடுத்துச் சரிபார்த்தேன். நம் மாதிரி வெயில் நாடுகளில் காற்றழுத்தம் காலை பத்து மணி சுமாருக்கு ஏறி, மாலை நாலு மணி சுமாருக்கு இறங்குகிறது. இரவிலும் அதே போல இன்னொரு தடவை. அழுத்தம் இறங்கியதைத்தான் கடிகாரம் உயரம் ஏறியதாகக் காட்டியிருக்கிறது. இந்த ஏற்ற இறக்கம் சந்திரனுடைய வேலை இல்லை, சூரியனுடையது. அதனால்தான் நேரம் தள்ளிப்போவதில்லை. மூன்று வருடம் அதே நூலகத்தில் உட்கார்ந்து படித்துப் பட்டம் வாங்கியவன், அந்தப் பக்கத்தைத் திருப்புவதற்கு ஒரு கடிகாரக் கடையில் வேலைக்குச் சேர வேண்டியிருந்தது.