போர்டிகோவில் போட்ட நாற்காலி

மைசூர் விஜயநகரில் நிர்மலா நடத்திவந்த பார்லருக்குப் பெண்கள் மட்டும்தான் வருவார்கள். தமிழக எல்லையோரம் இருக்கும் ஹனூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த பிறகு, கணவன் சிவகுமார் ஃபாக்டரிக்குக் கிளம்பிப் போனதும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் தொழில் கற்றுக்கொண்டாள். புருவம், ஃபேஷியல், தலைக்கு டை, முகூர்த்த நாட்களில் மணப்பெண் அலங்காரம் என்று ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்த கடை அது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஷட்டரை இறக்க வைத்தது.

மே மாதக் கடைசியில் திறக்கலாம் என்றார்கள். திறந்தாள். வாசலில் சானிடைசர் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. மூடிய ஏசி அறை என்றாலே எல்லோருக்கும் பயம்.

"அவங்க வராட்டி என்ன, நாம போலாமுங்க," என்று சிவகுமாரிடம் சொன்னாள். மடக்கு நாற்காலி ஒன்றை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குள் வரமாட்டேன், வெளியே காற்றாட உட்காரவைத்துச் செய்கிறேன் என்று பழைய வாடிக்கைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்தாள்.

முதலில் கூப்பிட்டது ராஜலக்ஷ்மி. அவள் கணவர் கணபதிராமன் ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கார் நிற்கும் போர்டிகோவில் நாற்காலியைப் போட்டு ராஜலக்ஷ்மிக்கு டை அடித்து முடித்தபோது, கணபதிராமன் பேப்பர் எடுக்க வெளியே வந்தார்.

"நிர்மலா, இவர் தலையைப் பார்த்தியா? மஞ்சுநாத் கடையைப் பூட்டிண்டு ஊருக்குப் போனதுலேருந்து இந்தக் கோலம்தான். நீயே கொஞ்சம் குறைச்சு விட்டுடேன்."

மஞ்சுநாத் தெருமுனையில் சலூன் வைத்திருந்தவன். சாமராஜநகர் பக்கம் ஊர். போனவன் இன்னும் திரும்பவில்லை.

"லேடீஸ் பார்லர் வெச்சிருக்கிறவகிட்டயா? வேண்டாம் விடு," என்று கணபதிராமன் நழுவப் பார்த்தார்.

"பயப்படாதீங்க சார். ஊரடங்குல எங்க வீட்டுக்காரரு தலையில நல்லாப் பழகிட்டனுங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"மொதல் தடவை தொப்பி போட்டுட்டுத்தான் வெளிய போனாருங்க. இப்பல்லாம் வெட்டி முடிச்சா ரெண்டு நிமிசம் கண்ணாடியவே பாத்துட்டு நிக்கறாருங்க."

கணபதிராமன் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு உட்காராமல் இருக்க முடியவில்லை. அவள் அவர் பின்கழுத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே எதிர்வீட்டுக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, தனக்கும் நேரம் இருக்குமா என்று கேட்டார். ஒரு மாதத்துக்குள் நிர்மலாவின் ஸ்கூட்டர் நிற்காத தெரு அந்த வட்டாரத்தில் இல்லை.

செய்தி ஹனூருக்கும் போனது. அம்மா கமலம்மாள் போன் செய்தாள்.

"ஏம் புள்ள, ஆம்பளைங்களுக்கு முடி வெட்டறயாமா? நம்ம சாதியில யாராச்சும் இந்தத் தொழில் பண்ணுவாங்களா? ஊருக்குள்ள தலை காட்ட முடியல."

"பொம்பளைங்களுக்கு வெட்டறப்ப நம்ம சாதி எங்கம்மா போயிருந்துச்சு? அதே கத்தரி, அதே கை. இதுல தாழ்வுன்னு எனக்கு ஒண்ணும் தெரியல."

கமலம்மாள் போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு பல வாரம் பேசவில்லை. நிர்மலாவுக்கு அது உறுத்தியது. வேலைக்கு நடுவே போன் அடித்தால் அம்மாவாக இருக்குமோ என்று எடுத்துப் பார்ப்பாள். ஆனால் ஒரு நாளும் கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மஞ்சுநாத் திரும்பி வந்தான். அவன் வைத்திருந்த கடையை அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். நேராக நிர்மலாவின் பார்லர் வாசலில் வந்து நின்றான்.

"என்ன அக்கா, என் தெருவெல்லாம் இப்ப உங்க தெருவா?" என்று கன்னடத்தில் கேட்டான்.

அவளுக்குச் சுருக்கென்றது. "நீங்க வர்ற வரைக்கும் அவங்க முடி வளராம இருக்குமா?" என்று அவளும் கன்னடத்தில் திருப்பிக் கொடுத்தாள். பிறகுதான் அவன் தோளில் தொங்கிய சாமான் பையைக் கவனித்தாள். அந்தப் பையை இறக்கி வைக்க அவனுக்கு மைசூரில் ஓர் இடம் இல்லை. பார்லருக்குப் பக்கத்தில் இருந்த ஜெராக்ஸ் கடை மூடிக் கிடந்தது. அவள் அதைப் பற்றி ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள்.

"நடுச்சுவத்துல ஒரு கதவு வெச்சா ரெண்டும் ஒரே கடை. அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான். வர்றீங்களா?"

"உங்க கைக்குக் கீழயா?"

"கீழ எதுக்கு? பக்கத்துல."

மஞ்சுநாத் மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவந்தான்.

அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில் கணபதிராமன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஆக்ஸிஜன் வைக்க வேண்டியிருந்தது. பிழைத்து வீட்டுக்கு வந்தார். தொற்று நீங்கிவிட்டதென்று டாக்டர் சொல்லி வெகுநாள் ஆகியும் அறையை விட்டு வெளியே வரவில்லை. அப்போது மறுபடி போட்டிருந்த ஊரடங்கு தளர்ந்ததும் ராஜலக்ஷ்மி போன் செய்தாள்.

"கூப்பிடவே தயக்கமா இருக்கும்மா. வேலைக்கு வர்றவகூட எங்காத்து வாசலை மிதிக்க மாட்டேங்கறா. இவரானா கண்ணாடியைக்கூடத் திருப்பி வெச்சுட்டார்."

"நாளைக்குக் காலைல வர்றனுங்க மாமி."

முகக்கவசம், கையுறை சகிதம் போனாள். தாடி மண்டி, தோள் எலும்பு தெரிய வந்து உட்கார்ந்தார் கணபதிராமன். வெந்நீர் ஊற்றித் தலையை அலசத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரில இருந்த அத்தனை நாளும், என்னைத் தொட்டவா எல்லாரும் கையுறை போட்டுண்டுதான் தொட்டா," என்றார் மெதுவாக. "தப்பு சொல்லலை. அவாளும் பாவம், என்ன பண்ணுவா?"

நிர்மலா கையுறைகளைக் கழற்றிப் பையில் போட்டாள்.

"இதோட தண்ணிச் சூடு சரியாத் தெரியமாட்டேங்குதுங்க சார்," என்றாள். வெறுங்கையால் அவர் தலையை நிதானமாக அலசிவிட்டாள். அவர் கன்னத்தில் வழிந்தது வெந்நீர்தானா என்று பார்க்காமல் துண்டால் துடைத்தாள்.

முடியைக் குறைத்து, தாடியை எடுத்த பிறகு கண்ணாடியை அவளே நீட்டினாள்.

"ரொம்ப இளைச்சுட்டேன், இல்ல?"

"இளைச்சுத்தான் இருக்கீங்க. ஆனா மீசைய மட்டும் விட்டிருக்கறன் பாருங்க. எடுப்பா இருக்குதுங்க."

அவர் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அன்று சாயங்காலம் கேட் வரை நடந்தார் என்று ராஜலக்ஷ்மி போனில் சொன்னாள். அடுத்த வாரம் தெருக்கோடி வரை போனாராம்.

கமலம்மாள் அதற்கு முன்பே பேசத் தொடங்கியிருந்தாள். போன தீபாவளிக்கு மைசூர் வந்தபோது கடையில் பெண்கள் பகுதி சோபாவில் உட்கார்ந்து காபியும் குடித்தாள். நடுக்கதவுப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. ஊரில் இன்றைக்கும், "எம்மக மைசூர்ல பியூட்டி பார்லர் வெச்சிருக்கறா," என்பதோடு நிறுத்திக்கொள்வாள். நிர்மலாவும் அதைத் திருத்தப் போவதில்லை.

இப்போது போகாதி சாலையில் இன்னொரு கடைக்கு இடம் பார்க்கிறார்கள். சுவர் நீளத்துக்குக் கண்ணாடி வேண்டும் என்கிறான் மஞ்சுநாத். முதலில் தண்ணீர் வசதியைப் பார் என்கிறாள் நிர்மலா. இந்தச் சண்டை ஒரு மாதமாக நடக்கிறது. ஜெயிக்கப்போவது யார் என்று அவளுக்குத் தெரியும்.