நீச்சல் தெரிந்தவள்

என் கணவருக்குக் கால்நடை மருந்தகத்தில் வேலை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடங்கள் உடையார்பாளையத்தில் மாமனார் வீட்டில்தான் இருந்தோம். மகள் கல்லூரி படிக்கத் திருச்சி விடுதிக்குப் போன அதே வருடம் அவருக்குப் பச்சைமலை அடிவாரத்துக்கு மாற்றல் வந்தது. மாமியார் கொழுந்தனாரோடு இருந்துகொண்டார். நாங்கள் இருவர் மட்டும் பாத்திரம் பண்டங்களை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம்.

இரண்டே தட்டு கழுவிவைக்க எனக்குக் கொஞ்ச நாள் பழகவில்லை. எட்டுப் பேருக்கு உலை வைத்த கை அது. முதல் ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை.

"போயி பாத்துட்டு வரலாமா?" என்றார்.

"எங்கங்க?"

"மேலதான்."

புளிச்சோறு கட்டிக்கொண்டு சேலையும் ரப்பர் செருப்புமாகக் கிளம்பினேன். பாதி ஏற்றத்தில் ஒரு செருப்பின் வார் அறுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நொண்டியதைப் பார்த்து, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்து சிரித்தாள். "டவுன்காரங்களா?" என்றாள். நெல்வயலிலும் முந்திரித் தோப்பிலும் வளர்ந்த எங்களை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் எல்லாம் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வாரம் பெரம்பலூர் போய் ஆளுக்கொரு ஷூ வாங்கினோம். மகளிடம் அவளுடைய பழைய சுடிதார் இரண்டு கேட்டேன். "அம்மா, நீயா? போட்டோ அனுப்பு, பாக்கணும்" என்று போனில் கத்தினாள். அதன் பிறகு ஒரு ஞாயிறும் தப்பவில்லை. வண்டி போகும்வரை வண்டியில் போவோம்; அப்புறம் நடை. மேலே ஒரு வழுக்குப் பாறை உண்டு. அங்கிருந்து பார்த்தால் கீழே சமவெளி மங்கலாகத் தெரியும். கிழக்கே தெரியும் புகை அரியலூர் சிமெண்ட் ஆலைப் புகை என்பார் அவர். இல்லை, வெறும் மேகம் என்பேன் நான். இதற்காகவே ஒருநாள் அரைமணி நேரம் பேசாமல் இறங்கி வந்தோம்.

இரண்டாம் வருட ஐப்பசியில் நல்ல மழை. மழை விட்ட ஞாயிறு, காட்டுக்குள் ஓர் அருவி விழுகிறது என்று கேள்விப்பட்டுத் தேடிப் போனோம். ஆள் உயரம் மூன்று இருக்கும். கீழே பாறைகளுக்கு நடுவில் ஆழமான குட்டை. நான் சாப்பாட்டுப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் பாசிப் பாறையில் காலை வைத்தார். 'தொப்' என்று சத்தம். திரும்பிப் பார்த்தபோது பாட்டில் மட்டும் மிதந்தது. பிறகு ஒரு கை மேலே வந்தது. மறுபடி உள்ளே போனது.

அவருக்கு நீச்சல் தெரியாது. அது எனக்குத் தெரியும். துப்பட்டாவைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தேன்.

முங்குகிறவன் எதிரில் போகக்கூடாது, பின்னால் போய் முடியைப் பிடிக்க வேண்டும் என்று சின்ன வயதில் என் அண்ணன்கள் சொல்லித் தந்திருந்தார்கள். அவருக்குப் பிடிக்கிற அளவுக்கு முடி இல்லை. சட்டைக் காலரைப் பிடித்தேன். முதல் இழுப்பில் என்னையும் சேர்த்து உள்ளே அமுக்கினார். காலால் உதைத்து விலகி, மூச்சு வாங்கி, மறுபடி பின்னால் போனேன். கரை பத்தடி தூரம்கூட இருக்காது. ஆனாலும் கைக்குப் பாறை தட்டுப்பட வெகுநேரம் ஆனதுபோல இருந்தது.

கவிழ்ந்து படுத்துத் தண்ணீரைக் கக்கினார். இருமி ஓய்ந்ததும் என்னையே பார்த்தார்.

"ஒனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியுங்க."

"இத்தன வருசமா சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கலியே" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

ஈரத்துணியோடு அந்தப் பாறையில் உட்கார்ந்துதான் சொன்னேன். எங்கள் ஊர் தா.பழூர்ப் பக்கம். வாய்க்காலிலும் கொள்ளிடத்திலும் அண்ணன்களுக்குச் சமமாக நீந்தியவள் நான். வயசுக்கு வந்த அன்றோடு நின்றது. பெண் பார்க்க வந்தபோது, "ஆத்துல குதிச்சதெல்லாம் ஒளறி வைக்காத, அடங்காத புள்ளன்னுடுவாங்க" என்றாள் அம்மா. நானும் உளறவில்லை. நாளடைவில் மறந்தே போனேன். குட்டைக்குள் நான் குதித்த அந்த நொடியில், பயத்துக்கு நடுவிலும், தண்ணீர் என்னைத் தாங்கியதே, அதுதான் அழவைத்தது.

அவர் என் முதுகில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது, "எனக்குச் சொல்லித் தருவியா?" என்று கேட்டார்.

தை பிறந்ததும் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுச் சொந்தக்காரரின் வயல் கிணற்றில் பாடம் தொடங்கியது. படிக்கட்டு வைத்த கிணறு. லாரி டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு, நாற்பத்தாறு வயது மனிதர் படியைவிட்டு நகரமாட்டேன் என்று நின்றார்.

"கைய விடுங்க."

"நீ பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன், விடுங்க."

வீட்டுக்கார அம்மா மேலே நின்று, "ஊசி போடுற சாருக்கு மாடுன்னா பயமில்ல, தண்ணின்னா பயமா?" என்று சிரிப்பார். மாட்டுக்கு வைத்தியம் பார்க்க அவரைத் தேடி வந்தவர்களும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் யாரையும் கண்டுகொள்ளவில்லை. நான்காவது வாரம் டியூப் இல்லாமல் மல்லாந்து மிதந்தார். "வானம் பெருசா இருக்குடி" என்றார். வேறு எப்போதும் அவர் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அதே குட்டையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திக் கடந்தார். நான் பக்கத்திலேயே நீந்தினேன். அந்தக் கரையில் ஏறியதும் இருவரும் சாப்பாட்டை எதிர்க் கரையில் விட்டுவிட்டது நினைவுக்கு வந்து, பசியோடு திரும்ப நீந்தினோம்.

நான்கு வருடம் முடிந்து மறுபடி மாற்றல். இப்போது உடையார்பாளையத்தில் பழைய வீட்டில் இருக்கிறோம். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு இருவருக்கும் விழிப்புத் தட்டிவிடும். கிளம்ப ஓர் இடமும் இருக்காது. அவர் பேப்பர் வரும்வரை வாசலில் நடப்பார். நான் டீ போடுவேன்.

போன மார்கழியில் ஒருமுறை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தோம். குட்டையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். யாரும் இறங்கக்கூடாது என்று பலகை. நியாயந்தான். வேலியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றோம். நாலைந்து கல்லூரிப் பையன்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன், "ரொம்ப ஆழமாம், சார்" என்று அவரிடம் சொன்னான்.

"ஆமா தம்பி, ரொம்ப ஆழம்" என்றார் அவர்.